கையபத்தம் என்றால் என்ன, சேச்சி?

புசாவல்,
9-3-1986

அன்புள்ள விலாசினி சேச்சிக்கு மந்தாகினி வணங்கி எழுதுவது.

நாங்கள் இருவரும் சௌக்கியம். சேச்சியும் குறுப்பு சேட்டனும் நலமாக இருக்க வேண்டும். இதுவரை உங்கள் தம்பி எழுதும் கடிதத்தின் அடியில் இரண்டு வரி மட்டும் கிறுக்கிக்கொண்டிருந்தேன். முழுக்க முழுக்க நானே மலையாளத்தில் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்துகளை ஜிலேபி பிழிவது போலப் பிழிந்திருக்கிறேன், பிழையிருந்தால் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. ஜல்காவிலிருந்து அப்பா இன்னும் ஒரு வரி எழுதவில்லை. ரயிலில் அரை மணி நேரத் தூரம்தான். மதராஸியைக் கட்டிக்கொண்டவள் செத்தவளுக்குச் சமம் என்று சொன்னவர் சொன்ன சொல்லில் நிற்கிறார்.

ஒரு சந்தேகம். கையபத்தம் என்றால் என்ன, சேச்சி? போன வாரம் என் பச்சை வளையல்கள் உடைந்துபோயின. அப்போது இவர், "கையபத்தம் மந்தா, விட்டுடு" என்றார். மராத்தியில் இதற்கு என்ன சொல்வது என்று கேட்டேன். உங்க பாஷையில இவ்வளவு நல்ல சொல்லே கிடையாது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. சேச்சிதான் விளக்க வேண்டும்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
மந்தாகினி


தெக்கேமண்ணில் வீடு,
கோழஞ்சேரி வழி,
24-3-1986

என் மந்தா மோளுக்கு,

இங்கே சுகம், மழை இல்லாத குறையைத் தவிர வேறு குறையில்லை. அங்கே உனக்கும் சோமனுக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் பகவான் பார்த்துக்கொள்ளட்டும். உன் எழுத்து ஜிலேபி என்றால் என் எழுத்து பிய்ந்துபோன இடியாப்பம். ஆகவே கவலைப்படாதே.

நீ கேட்டது நல்ல கேள்வி. நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அர்த்தம் கேட்டு யாரும் வந்ததில்லை. மனசு அறியாமல் கை செய்துவிடுகிற சின்னத் தப்புதான் கையபத்தம். உதாரணம் வேண்டுமா? எங்கள் வீட்டுக் குறுப்பு ஊர் ஊராகப் போய்க் கல்யாணச் சாப்பாடு சமைக்கிறவர், அது உனக்குத் தெரியும். ரான்னியில் ஒரு கல்யாணம். பால் பாயசத்தில் சர்க்கரை என்று நினைத்து இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். பெண்ணுடைய அப்பா முதல் கரண்டியை வாயில் வைத்தார். முகம் கோணிப்போயிற்று. இவர் அடுப்படியில் கல்லாய் நிற்கிறார். அந்த மனுஷர் கிட்டே வந்து காதோடு சொன்னாராம்: "குறுப்பே, கையபத்தம். யாருக்கும் தெரிய வேண்டாம், வேற பால் காய்ச்சு."

நான் செய்ததையும் சொல்கிறேன். ஒரு பதினாறாம் நாள் விருந்தில் பெரியவர் ஒருவருக்கு இலையின் நுனியை வலது பக்கமாகப் போட்டுவிட்டேன். சிலர் அதற்கே எழுந்து போய்விடுவார்கள். அவர் இலையைத் தானே திருப்பிப் போட்டுக்கொண்டு, "பொண்ணுக்குக் கையபத்தம், சோத்தப் போடு" என்றார். அவ்வளவுதான் சங்கதி.

வளையல் போனால் போகட்டும். அளவு எழுதி அனுப்பு, திருவிழாக் கடையில் வாங்கி அனுப்புகிறேன். சோமனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல். இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை, நினைத்தால் இன்னும் கை கனக்கிறது.

பாசத்தோடு,
விலாசினி சேச்சி


புசாவல்,
15-4-1986

அன்புள்ள சேச்சிக்கு நமஸ்காரம்.

நலம். நலமே வேண்டுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உப்புப் பாயசத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஷேவந்தாபாய் ஓடி வந்துவிட்டாள். அவளுக்கு மராத்தியில் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

ஆனால் சந்தேகம் தீரவில்லை, வளர்ந்திருக்கிறது. முதலாவது, அந்தச் சொல் பொருள்களுக்கு மட்டும்தானா, மனிதர்கள் மேல் பட்டாலும் சொல்லலாமா? இரண்டாவது, தப்பு எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்? மூன்றாவது, அது ஆண்களுக்கு மட்டும் உள்ள சொல்லா?

மூன்றாவதை ஏன் கேட்கிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை சோறு அடிப்பிடித்துவிட்டது. நான் முந்திக்கொண்டு, "கையபத்தம்" என்றேன். சொல்லைச் சரியான இடத்தில் போட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. இவர், "இது கையபத்தம் இல்ல, உன் திமிரு" என்றார். அப்படியானால் நான் இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்?

எழுத்து வழக்கத்தைவிடக் கோணலாக இருக்கும். வலது மணிக்கட்டு சுளுக்கியிருக்கிறது, இடது கையால் எழுதுகிறேன். வளையல் இப்போது வேண்டாம்.

உங்கள்,
மந்தாகினி


தெக்கேமண்ணில் வீடு,
2-5-1986

மந்தா மோளுக்கு ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் நலம். மணிக்கட்டில் தேய்க்க மருந்து எண்ணெய் அனுப்பலாம் என்றால் தபாலில் உடைந்துவிடும் என்கிறார்கள். எப்படிச் சுளுக்கிற்று? நீ எழுதவில்லையே.

ஆணுக்கு மட்டும் உள்ள சொல்லா? நன்றாகக் கேட்டாய்! என் கதையைக் கேள். ஆடி பிறந்தால் இங்கே ஆற்றங்கரையில் வள்ளத்து விருந்து நடக்கும். நேர்ந்துகொண்ட வீட்டார் பாம்பு வள்ளத்துத் துடுப்புக்காரர்களை அழைத்துச் சாப்பாடு போடுவார்கள். அவர்கள் சும்மா சாப்பிட மாட்டார்கள். ஒவ்வொரு பண்டத்தையும் பாட்டாகப் பாடிக் கேட்பார்கள். பாடிக் கேட்டதை வைத்தே ஆக வேண்டும். 'இல்லை' என்ற சொல் அந்தப் பந்தலில் யார் வாயிலும் வரக் கூடாது.

போன வருஷம் பாட்டுத் தலைவர் கேசவப் பணிக்கர் எழுந்து, "மாமரத்துக் கிளியே, மாம்பழப் புளிசேரி எங்கே, கொண்டு வா" என்று பாடினார். நானோ வியர்த்து விறுவிறுத்து வாளியோடு நிற்கிறேன். "அது தீந்துபோச்சு, இப்ப இல்ல" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்! பாட்டு நின்றது. அத்தனை பேரும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். நேர்ந்துகொண்ட வீட்டம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அங்கேயே ஆற்றில் இறங்கிவிடலாம் போல இருந்தது. பணிக்கர் என்னைப் பார்த்தார். பிறகு உரக்கச் சொன்னார்: "கையபத்தம்டா பிள்ளைகளா! கை நிறைய வாளி, அதான் வாய் வழியா வந்துடுச்சு. நான் கேட்டது ரசம்னு வெச்சுக்குவோம்." எல்லோரும் சிரித்தார்கள், பந்தி நடந்தது.

ஆகவே ஆண், பெண் எல்லோருக்கும் உண்டு. சோறு அடிப்பிடிப்பதும் கையபத்தம்தான். அடுப்புச் சூடு தெரியாதவன் பேச்சுக்கு என்ன, சோமனை நான் திட்டினேன் என்று சொல். இரண்டாவது கேள்விக்கு யோசித்துச் சொல்கிறேன். முதல் கேள்வி எனக்குச் சரியாகப் புரியவில்லை. மனிதர்கள் மேல் பட்டால் என்றால் எப்படி?

பாசத்தோடு,
சேச்சி


புசாவல்,
20-5-1986

சேச்சி அறிய சோமசேகரன் எழுதுவது.

நலம், நலமறிய அவா. மந்தாவுக்கு வரும் கடிதங்களைப் பார்த்தேன். அவளுக்கு வீட்டு வேலை இருக்கிறது. சொல் ஆராய்ச்சியெல்லாம் வேலையில்லாதவர்களுக்கு. குளியலறையில் வழுக்கி விழுந்தாள், கை இப்போது சரியாகிவிட்டது. நீங்கள் வீணாகக் கவலைப்பட வேண்டாம்.

இங்கே தபால்காரன் சரியில்லை. இனிமேல் கடிதங்களை என் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பவும். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

சோமன்


புசாவல்,
18-6-1986

சேச்சிக்கு வணக்கம்.

உங்கள் உடல்நலம் எப்படி? இதை ஷேவந்தாபாய் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் எழுதினால் பின்பக்கத்தில் உள்ள அவள் விலாசத்துக்கு எழுதுங்கள். வள்ளத்து விருந்துக் கதையை இவர்தான் முதலில் படித்தார். நன்றாகச் சிரித்தார். பிறகு சாப்பிட்டார். பிறகு, என்னைத் திட்டச் சொல்லிச் சேச்சிக்கு எழுதினாயா என்று கேட்டார்.

ஒரே ஒரு கேள்வி. ஒரே கை, ஒரே இடத்தில், எத்தனை முறை பிசகினால் அது கையபத்தம்? முதல் முறைக்கு அந்தச் சொல் சரி. அடுத்தடுத்த முறைக்கும் அதே சொல்தானா, வேறு சொல் வைத்திருக்கிறீர்களா? மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் சொல் உண்டு என்று இவர் சொல்வாரே, அதனால் கேட்கிறேன்.

மணிக்கட்டு தேவலை. இடது காதில்தான் ஏதோ இரைச்சல். தூரத்தில் நிறையப் பேர் பாடுவது போல இருக்கிறது. உங்கள் வள்ளக்காரர்கள்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இதைக் கேட்டதாக அவருக்கு எழுத வேண்டாம்.

மந்தாகினி


தெக்கேமண்ணில் வீடு,
4-7-1986

என் மந்தா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். அவியல் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவன் அப்படிச் செய்ய மாட்டான் என்று மனசு ஒரு பக்கம் சொல்கிறது. அவனுடைய கோபம் எனக்குத் தெரியாதா என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. உன் முதல் கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை மோளே. புரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

வேறு சொல் உண்டு. குறுப்புக்கு உடன்பிறந்த தம்பி ஒருவன், பரமேசுவரன், எங்களோடு சமையலுக்கு வந்துகொண்டிருந்தான். கொதிக்கிற எண்ணெய்க் கரண்டியை வீசி வீசிப் பேசுவான். ஒரு தடவை இவர் காலில் தெறித்தது. "கையபத்தம், போ" என்றார். அடுத்த மாதமும் தெறித்தது. அப்போதும் அதையே சொன்னார். மறுபடியும் தெறித்தபோது கரண்டியை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"இது கையபத்தம் இல்லடா. இது உன் கையிலிருப்பு."

"சொந்தத் தம்பியப் பாத்து இப்படிச் சொல்றியேண்ணா?"

"வெந்தது என் காலு. அதுக்குத் தம்பி, தங்கச்சி தெரியாது."

அன்றே அனுப்பிவிட்டார். ஒருவனுடைய கையில் எப்போதும் இருக்கிற குணத்துக்குத்தான் கையிலிருப்பு என்று பெயர். அது பிசகு இல்லை. அவனே அதுதான்.

இங்கே வந்துவிடு. ஜல்காவ் கதவு மூடியிருக்கலாம், இந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே சரியில்லை. சோமனுடைய ஆபீசுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதில் மழையையும் மாட்டையும் தவிர, வள்ளத்து விருந்துக்கு உன்னை அனுப்பச் சொன்னது மட்டும்தான் இருக்கிறது.

உன் சேச்சி


புசாவல்,
13-7-1986

அன்புள்ள சேச்சிக்கு,

நீங்களும் சேட்டனும் நன்றாக இருங்கள். விருந்துக்கு அனுப்ப முடியாது, லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டார். அதை விடுங்கள். நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன், அதைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் உங்கள் கடிதங்களையெல்லாம் நேற்று வரிசையாகப் படித்தேன். பாயசத்தில் உப்புப் போட்டவர் குறுப்பு சேட்டன். ஆனால் கையபத்தம் என்று சொன்னவர் பெண்ணின் அப்பா. இலையைத் தப்பாகப் போட்டது நீங்கள். சொன்னவர், அந்த இலையில் சாப்பிட உட்கார்ந்தவர். 'இல்லை' என்றது நீங்கள். சொன்னவர் பணிக்கர். எண்ணெயைத் தெறிக்கவிட்டவன் தம்பி. சொன்னது கால் வெந்த அண்ணன்.

உங்கள் கதை ஒன்றில்கூடத் தப்புச் செய்தவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, சேச்சி! அவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்தான் சொல்கிறார். இங்கே எல்லாம் தலைகீழாக நடக்கிறது. இது உங்கள் ஊரில் எழுதப்படாத சட்டமா, அல்லது நீங்கள் எழுதிய கதைகளில் தற்செயலாக அப்படி அமைந்துவிட்டதா?

நான் சோதித்தும் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை நடந்த பிறகு, அவர் வாயைத் திறக்கும் முன், அந்தச் சொல் என் வாயில் தானாக வருகிறதா என்று காத்திருந்தேன். வந்தால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வரவில்லை. அவரே சொல்லிக்கொண்டு தூங்கப் போய்விட்டார்.

பதில் எழுதுங்கள்.

மந்தாகினி


தெக்கேமண்ணில் வீடு,
22-7-1986

என் மந்தாவுக்கு,

உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், இன்னும் சில நாள்தான்.

நீ சொன்னது சட்டமா என்று எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் இருக்கிற மீன் தண்ணீரைப் பற்றி என்ன சொல்லும்? குறுப்பிடம் படித்துக் காட்டினேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பாதி மூடியோடு நிறுத்தினார். சிலர் தாங்களே சொல்லிக்கொள்வதும் உண்டு என்று நான் சொன்னேன். "சொல்லுவாங்க. ஆனா சொல்லிட்டு எதிராளி மூஞ்சியப் பாப்பாங்கல்ல?" என்றார். பிறகு மறுபடியும் துருவ ஆரம்பித்தார். முழுத் தேங்காயையும் முடித்துவிட்டுக் கேட்டார்: "புசாவலுக்கு எங்க ரயில் மாறணும்?"

விருந்துக் காலம், வருஷத்துச் சம்பாத்தியமே இந்த இரண்டு மாதம்தான், அடுப்பை விட்டுவிட்டுப் போவீர்களா என்று கேட்டேன். "சமைக்க ஆள் கிடைக்கும். அந்தப் பொண்ணுக்கு ஆள் எங்க கிடைக்கும்?" என்றார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். என் தம்பிக்காக அழுதேனா, உனக்காக அழுதேனா, எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கிளம்புகிறார். அவருக்கு இந்தி தெரியாது. தெரிந்த மலையாளத்தையும் அதிகம் பேச மாட்டார். நீ பேச வேண்டாம், வாதாட வேண்டாம். பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நட.

சேச்சி


புசாவல்,
19-8-1986

சேச்சிக்கு,

எல்லோரும் அங்கே சுகமாக இருப்பீர்கள். இருக்க வேண்டியதுதான். இங்கே நான் ஓட்டல் சோறு தின்றுகொண்டிருக்கிறேன்.

அத்தான் வந்தார். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பொண்ணக் கூட்டிட்டுப் போறேன்" என்றார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கூடப் பிறந்த அக்கா செய்கிற காரியமா இது?

நான் என்ன கொலையா செய்தேன்? ஏதோ கையபத்தம். நீங்களாவது அதை அவளுக்குப் புரிய வையுங்கள். ஓணத்துக்கு முன்னால் அனுப்பி வையுங்கள்.

சோமன்


தெக்கேமண்ணில் வீடு,
2-9-1986

திரு. சோமசேகரன் அவர்களுக்கு மந்தாகினி எழுதுவது.

நான் சௌக்கியம். காதைக் கோழஞ்சேரி டாக்டரிடம் காட்டினோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும் என்கிறார். நீங்களும் சௌக்கியமாக இருங்கள்.

நீங்கள் சேச்சிக்கு எழுதிய கடிதத்தை அவர் என்னிடம் கொடுத்துவிட்டார். "பதில் எழுத வேண்டியவ நீதான்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் புரிய வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

நேற்று இங்கே ஒரு வள்ளத்து விருந்து. நானும் பரிமாறினேன். துடுப்புக்காரர்கள் பாடினால் எனக்குப் பாதி வார்த்தை புரிகிறது, பாதி புரியவில்லை. அவர்கள் இஞ்சிக்கறி கேட்டார்கள், நான் ஊறுகாயோடு ஓடினேன். அவசரத்தில் கால் தடுக்கி, ஒருவருடைய வெள்ளை வேட்டி முழுக்க ஊறுகாயைக் கொட்டிவிட்டேன். பாட்டு நின்றது. இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். எதற்கு மறைத்துக்கொள்கிறேன் என்று அந்தப் பந்தலில் ஒருவருக்கும் புரியவில்லை. சேச்சிக்கு மட்டும் புரிந்தது.

வேட்டி கெட்டுப்போன மனிதர், எனக்கு முன்பின் தெரியாதவர், சொன்னார்: "கையபத்தம்தானே மோளே. கையக் கீழ போடு. இஞ்சிக்கறி வை."

உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருவர் எனக்காக அதைச் சொல்லி நேற்றுத்தான் கேட்டேன்.

உங்களுக்காக நானும் அதைச் சொல்லிப் பார்த்தேன். இன்று காலை ஆற்றில் இறங்கி நின்று, யாரும் இல்லாத நேரத்தில், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.

பதில் எழுத வேண்டாம்.

மந்தாகினி